நடையும் வலுவும்: முதல் 12 வாரம்

ஜிம்முக்குப் போக நேரமோ வசதியோ இல்லாதவர்களுக்காக எழுதப்பட்ட அத்தியாயம் இது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர், வீட்டு வேலையிலேயே பொழுது போய்விடுபவர், இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குபவர் என எவரும் இதைத் தொடங்கலாம். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி ஒன்று, ஒரு சுவர், நடக்க ஒரு தெரு அல்லது மொட்டை மாடி, தையற்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் ஒன்று. வேறெதுவும் வாங்க வேண்டாம்.

நம் ஊரில் உடற்பயிற்சி என்றாலே வாக்கிங்தான். காலையில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் வருடக்கணக்கில் விடாமல் நடப்பவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பலருக்குத் தொப்பை மட்டும் அப்படியே இருக்கிறது. நடையில் தவறில்லை, இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் அது மிக நல்லது. ஆனால் எடை இறங்க வேண்டுமானால் அதோடு இன்னும் இரண்டு வேண்டும்: தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, தட்டில் சிறு மாற்றம். நடையை எல்லாரும் செய்கிறார்கள். வலுப் பயிற்சியை ஏறக்குறைய யாருமே செய்வதில்லை. அதனால் அதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

65 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் சுமார் 130 கலோரி செலவாகும். உடம்பில் 1 கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். அதாவது சாப்பாட்டில் கை வைக்காமல் நடையை மட்டும் நம்பினால், தினமும் நடந்தாலும் 1 கிலோ குறைய இரண்டு மாதம் ஆகும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். மாதம் 5 கிலோ குறையும் என்று நம்பித் தொடங்குகிறவர்கள்தான் மூன்றாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

நடை, வலு, சாப்பாடு மூன்றும் சேர்ந்தால் மாதம் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை குறைவது நியாயமான இலக்கு. அதற்கு முன்பே வேறு மாற்றங்கள் தெரியும். மூன்று, நான்கு வாரத்தில் மாடி ஏறுவது எளிதாகும், தூக்கம் சீராகும், மாலை நேரச் சோர்வு குறையும்.

தொடங்கும் முன்

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்கு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

1. நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சில் இறுக்கம், வலி, தலைச்சுற்றல்.
2. ஏற்கெனவே இதய நோய், பக்கவாதம், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம்.
3. இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்.
4. கர்ப்பம், அண்மையில் பிரசவம் அல்லது அறுவை சிகிச்சை.
5. முழங்காலில் வீக்கம், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி.

எதுவுமே இல்லை என்றாலும் 40 வயதைத் தாண்டியிருந்தால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு இல்லை. தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

முதல் நாள் அளவுகள்

எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். உப்பு அதிகம் சாப்பிட்ட மறுநாளும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் உடம்பில் நீர் தேங்கி முள் ஏறி நிற்கும். நான் இடுப்புச் சுற்றளவையே முதன்மையான அளவாக வைக்கச் சொல்வேன். வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழி விடுகிறது. அதை டேப் ஓரளவு காட்டிவிடும்.

1. காலையில் வெறும் வயிற்றில், சட்டையைத் தூக்கிவிட்டு நேராக நில்லுங்கள்.
2. பக்கவாட்டில் கடைசி விலா எலும்பையும், இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள்.
3. டேப் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது.
4. வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடிந்ததும் அளவைப் படியுங்கள்.

இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர் எல்லை. எடைக்கும் நமக்கு எல்லை குறைவு: உடல் நிறை எண் 23-ஐத் தொட்டாலே கூடுதல் எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இவை முறையே 59 கிலோவும் 64 கிலோவும்.

இன்னும் ஓர் அளவு எடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். தேதி, இடுப்பு, எடை, இந்த எண்ணிக்கை ஆகிய நான்கையும் காலண்டரின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். எடையும் இடுப்பும் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் பார்த்தால் போதும். தினமும் மெஷின் ஏறுவது மனத்தைத்தான் சோர்வடையச் செய்யும்.

நடை

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் தேவை. 10,000 அடி நடந்தாக வேண்டும் என்று பலர் கவலைப்படுகிறார்கள். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அது மருத்துவ எல்லை அல்ல. நீங்கள் நிமிடக் கணக்கைப் பாருங்கள்.

வேகம் சரியா என்று அறிய எளிய சோதனை: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சிரைத்தால் குறையுங்கள். நிமிடத்துக்கு சுமார் 100 அடி என்பது பலருக்கு இந்த வேகம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் நாடித் துடிப்பை நம்ப வேண்டாம். சில மாத்திரைகள் துடிப்பையே குறைத்துக் காட்டும். அவர்களுக்கும் இந்தப் பேச்சுச் சோதனைதான் பொருந்தும்.

*நடக்கும் வரிசை*

1. நடப்பதற்கு 15 நிமிடம் முன்பு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.
2. முதல் 5 நிமிடம் மெதுவான நடை. இதுவே உடம்பைச் சூடேற்றிவிடும். தனியாகக் குனிந்து நிமிர வேண்டாம்.
3. அடுத்து விறுவிறுப்பான நடை. பார்வை பத்துப் பதினைந்து அடி தூரத்தில் இருக்கட்டும். தோள் தளர்ந்திருக்கட்டும். முழங்கையை மடக்கிக் கையை முன்னும் பின்னும் வீசுங்கள்.
4. வேகம் வேண்டுமானால் அடிகளை நெருக்கமாக, சீக்கிரமாக வையுங்கள். எட்டி எட்டி வைத்தால் முழங்காலுக்கும் குதிகாலுக்கும் அடி விழும்.
5. கடைசி 3 நிமிடம் வேகத்தைக் குறையுங்கள். திடீரென நிற்காதீர்கள்.
6. வீட்டுக்கு வந்ததும் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் குதிகாலைத் தரையில் பதித்து, ஆடுசதையை 20 வினாடி இழுத்துப் பிடியுங்கள். இரண்டு காலுக்கும் செய்யுங்கள்.

*வாரக் கணக்கு*

1, 2-ஆம் வாரம்: நாளுக்கு 15 நிமிடம், வாரம் 5 நாள்.
3, 4-ஆம் வாரம்: 20 நிமிடம்.
5 முதல் 8 வரை: 30 நிமிடம். இப்போது வாரத்துக்கு 150 நிமிடத்தைத் தொட்டுவிட்டீர்கள்.
9 முதல் 12 வரை: 40 நிமிடம். நடுவில் 1 நிமிடம் மிக வேகம், 2 நிமிடம் வழக்கமான வேகம் என்று ஆறு முறை மாற்றுங்கள்.

முதல் வாரத்தில் 15 நிமிடம் உங்களுக்கு மிகக் குறைவாகத் தோன்றலாம். கூட்டாதீர்கள். மூச்சும் இதயமும் இரண்டு வாரத்தில் பழகிவிடும். தசைநாணும் மூட்டும் பழக அதைவிட அதிக நாளாகும். முதல் வாரமே ஒரு மணி நேரம் நடந்தவர்கள்தான் குதிகால் வலியோடு இரண்டு மாதம் உட்காருகிறார்கள்.

*எங்கே, எப்போது, எதைப் போட்டுக்கொண்டு?*

ஹவாய் செருப்பில் நடக்க வேண்டாம். அது கழலாமல் இருக்கக் கால் விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், ஆடுசதை வலிக்கும். குதிகாலில் மெத்தென்று இருக்கும் சாதாரண ஷூ போதும், விலை முக்கியமில்லை. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

நடைபாதை இல்லாத சாலையில் வண்டிகள் எதிரே வரும் வலப்பக்கமாக நடங்கள். விடியாத வேளையில் வெள்ளை அல்லது வெளிர் நிற உடை. இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம். தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள்; நின்று, முறைக்காமல், மெல்லப் பின்வாங்குங்கள். தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று 2023 முதல் குறிக்கப்பட்டிருக்கிறது. அதில் சிறு பகுதியை மட்டும் நடந்தாலும் வண்டித் தொல்லை குறைவான பாதை கிடைக்கும்.

வெளியே போக முடியாத பெண்களுக்கு மொட்டை மாடி நல்ல இடம். எட்டு வடிவத்தில் நடப்பதும் நடைதான், ஆனால் அந்த வடிவத்துக்கென்று தனிச் சக்தி எதுவும் இல்லை. நிமிடமும் வேகமுமே பலன் தரும். கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருந்தால் ஓரமாகப் போகாதீர்கள். மழைக்காலத்தில் பாசி படிந்த தளத்தில் நடக்கவே வேண்டாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை 6 மணிக்குப் பிறகு. தலைவலி, குமட்டல், தோல் காய்ந்து சூடாவது தெரிந்தால் உடனே நிழலுக்குப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

வலுப் பயிற்சி

எடையைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும். தசைக்கு வேலை கொடுக்காவிட்டால் மெலிந்த பிறகும் உடம்பு தளர்ந்தே இருக்கும்; விட்ட எடையும் சீக்கிரம் திரும்பும். 60 வயதுக்கு மேல் விழாமல் நடமாட வைப்பது தொடை வலுதான். வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு, 20 நிமிடம் ஒதுக்குங்கள். செவ்வாய், வெள்ளி என்று கிழமையை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

எல்லாப் பயிற்சிக்கும் ஒரே விதி: சிரமமான கட்டத்தில் மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று எகிறும்.

*நாற்காலியில் எழுந்து உட்காருதல்*

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். தொடை, பிட்டம், இடுப்பு மூன்றும் இதில் வேலை செய்கின்றன. உடம்பின் பெரிய தசைகள் அவைதான்.

1. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நழுவாது. சக்கரம் வைத்த நாற்காலியும், லேசான பிளாஸ்டிக் நாற்காலியும் ஆகாது.
2. விளிம்பில் உட்காருங்கள். பாதங்கள் தோள் அகலத்தில், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால்.
3. உடம்பை முன்னால் சாய்த்து, குதிகாலை அழுத்தி, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். முழுதாக நிமிருங்கள்.
4. பின்னால் நாற்காலி இருப்பதை உணர்ந்து, பிட்டத்தைப் பின்தள்ளி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்குங்கள். தொப்பென்று உட்காராதீர்கள். இறங்கும் அந்த மூன்று எண்ணிக்கையில்தான் பாதிப் பலன் இருக்கிறது.
5. முழங்கால் கால் விரல் நோக்கும் திசையிலேயே போக வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் தொடையை வெளியே தள்ளிப் பிடியுங்கள்.

முழங்கால் வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். கையை ஊன்றி எழுந்தாலும் தவறில்லை. சில வாரத்தில் கையை விடலாம். 12 முறை எளிதாக வந்த பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒவ்வொரு கையிலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

*சுவர்த் தண்டால்*

சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கைகளை ஊன்றி, தலை முதல் குதிகால் வரை வளையாமல் மார்பைச் சுவருக்குக் கொண்டுபோங்கள். மூச்சை விட்டுத் தள்ளி வாருங்கள். பழகியதும் சமையல் மேடையைப் பிடித்துச் செய்யலாம். ஈரமில்லாத தரை, நழுவாத கால் முக்கியம்.

*இடுப்பைத் தூக்குதல்*

பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் பதியுங்கள். பிட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்கி, இரண்டு எண்ணி, மெல்ல இறக்குங்கள். நாள் முழுக்க உட்காருகிறவர்களின் முதுகு வலிக்கும் இது உதவும்.

*குதிகால் உயர்த்துதல்*

சுவரையோ மேடையையோ தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி, மெல்ல இறக்குங்கள். இதற்குத் தனி நேரம் தேவையில்லை. குக்கர் விசில் வரும் வரை நிற்கும் நேரமே போதும்.

எண்ணிக்கை: முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றும் 6 முறை, இரண்டு சுற்று. பிறகு வாரம் ஒன்றிரண்டு கூட்டி 12-க்குக் கொண்டுபோங்கள். 8-ஆம் வாரத்துக்குப் பின் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், ‘இன்னும் இரண்டு, மூன்று செய்ய முடியும்’ என்ற நிலையில் நிறுத்துங்கள். மறுநாள் தசையில் மந்தமான வலி இயல்பு, இரண்டு நாளில் போய்விடும். மூட்டில் குத்தும் வலி இயல்பல்ல. அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு வேறொன்றைச் செய்யுங்கள்.

மீதி 23 மணி நேரம்

காலையில் ஒரு மணி நேரம் உழைத்துவிட்டு மாலை வரை நாற்காலியிலேயே இருந்தால் பயனில் ஒரு பகுதி போய்விடும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். போன் வந்தால் நின்றுகொண்டு பேசுங்கள். சாப்பிட்டபின் 10 நிமிட மெதுநடை, குறிப்பாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரத்தச் சர்க்கரை எகிறுவதை நன்றாகக் குறைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு நான் முதலில் சொல்லும் பழக்கம் இதுதான்.

வீட்டைப் பெருக்கித் துடைப்பதும், குடம் தூக்குவதும் உழைப்புதான். மூச்சு சற்று வேகமாகும் அளவுக்குச் செய்தால் நடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். வலுப் பயிற்சிக்கு மட்டும் இதை ஈடாக வைக்காதீர்கள்.

தட்டில் மூன்று மாற்றம்

பட்டினி கிடக்க வேண்டாம். இந்த மூன்று மட்டும் போதும்.

1. சர்க்கரை. ஒரு டீஸ்பூன் சுமார் 20 கலோரி. நாளுக்கு நான்கு டம்ளர் காபி, டீயில் இரண்டிரண்டு ஸ்பூன் போட்டால் 160 கலோரி; அரை மணி நேர நடையைவிட அதிகம். வாரம் அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.
2. எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி சுமார் 120 கலோரி. புட்டியைச் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.
3. சோறு. மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் காயும், பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஒன்றும் வையுங்கள். தசை வளரப் புரதம் தேவை. நம் சாப்பாட்டில் குறைவாக இருப்பது அதுதான்.

நடந்து முடித்ததும் வாசலில் வடையும் காபியும் சாப்பிடும் பழக்கத்தை மட்டும் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். நடந்ததற்குச் செலவானது அந்தத் தட்டிலேயே திரும்பிவிடும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு

பையில் குளுக்கோஸ் அல்லது நான்கைந்து மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். அளவு 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் நின்று இனிப்பைச் சாப்பிடுங்கள். வெறுங்காலில் நடக்காதீர்கள், பூங்காக்களில் இருக்கும் கூழாங்கல் பாதை உங்களுக்கு ஆகாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் காயம் பட்டதே தெரியாது. ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் பாரம் அல்லது இறுக்கம், இடக்கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுதல், ஓய்வெடுத்தும் தணியாத மூச்சுத் திணறல். இவற்றில் ஏதாவது வந்தால் அங்கேயே உட்காருங்கள், 108-ஐ அழையுங்கள். ‘வாயுப் பிடிப்பாக இருக்கும்’ என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும் வரலாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்று நம்புவது. படுத்து எழும் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும். அதன் மேல் படிந்த கொழுப்பு உடம்பு முழுவதும் குறையும்போதுதான் குறையும்.

பிளாஸ்டிக் உறை, இடுப்பு பெல்ட், தடித்த ஜெர்கின் போட்டு வியர்க்க வைப்பது. போவது தண்ணீர், கொழுப்பு அல்ல. வெயில் காலத்தில் இது உயிருக்கே ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் கிரிக்கெட் ஆடுவது. ஆறு நாள் உட்கார்ந்திருந்த உடம்பு ஏழாம் நாள் திடீரென ஓடினால் தசைநாண் கிழியலாம்.

காய்ச்சலோடு பயிற்சி செய்வது. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு, மூன்று நாள் பொறுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்காமல் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். கல்யாணம், ஊர்த் திருவிழா, பரீட்சை என்று தடை வரத்தான் செய்யும். அந்த நாட்களில் 10 நிமிட நடையும் ஒரு சுற்று நாற்காலிப் பயிற்சியும் செய்தால் பழக்கம் அறுந்துபோகாது.

12-ஆம் வார முடிவில்

முதல் நாள் எடுத்த நான்கு குறிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி அளந்து பாருங்கள். எடை குறையாமல் இடுப்பு மட்டும் குறைந்திருந்தால் நல்ல செய்தி: கொழுப்பு போய்த் தசை கூடியிருக்கிறது. இரண்டுமே குறையாமல் எழுந்து உட்காரும் எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால், உழைப்பு சரியாக இருக்கிறது, சாப்பாடுதான் மீதம்; ஒரு வாரம் வாயில் போடுவதை எல்லாம், சுவை பார்த்ததையும் மிச்சம் எடுத்ததையும் சேர்த்து, எழுதி வையுங்கள். அதுவும் சரியாக இருந்து எதுவும் அசையவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாத பெண்கள் நீர்க்கட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். வேறு நோய்க்கு எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவை எடையைக் கூட்டும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.